மருத்துவப் படிப்பில் வீடியோ வகுப்பு எதுவரை போதும்?

மருத்துவப் படிப்புக்கு வீடியோ வகுப்பு போதுமா என்று கேட்டால் பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "நோயாளியைத் தொடாமல் எப்படி டாக்டர் ஆவது?" என்பார் ஒருவர். "கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவதற்குப் பதிலாக ரெக்கார்டிங்கை வீட்டிலேயே பார்க்கலாமே?" என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று பதில் ஆகாது. முதல் ஆள் வார்டை மனதில் வைத்துப் பேசுகிறார், இரண்டாவது ஆள் லெக்சரை.

முழுப் படிப்பையும் மொத்தமாக வைத்துக்கொண்டு வீடியோவா நேரடியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கால அட்டவணையில் ஒவ்வொரு மணி நேரத்தையும் தனியாக எடுத்துக்கொண்டு, இந்த நேரத்தில் மாணவர் செய்வதை யாராவது பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தேவையில்லை என்றால் வீடியோ போதும், பல சமயம் வீடியோவே மேல். தேவை என்றால், திருத்துபவர் எங்கே இருந்தால் தவறு அவர் கண்ணுக்கோ கைக்கோ அகப்படும் என்பது அடுத்த கேள்வி. ஒரே அறையில் இருப்பதாலேயே இது நடந்துவிடும் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

லெக்சருக்கு அரங்கம் தேவையா?

இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், சிறுநீரகம் உப்பை எப்படித் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று ஒருவர் 50 நிமிடம் விளக்குகிறார். பதினான்காவது வரிசையில் இருப்பவர் சிறுநீரகத்தின் நுண்குழாயான நெஃப்ரானின் எந்த வளைவில் தொலைந்து போனார் என்பது மேடையில் நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. நேரடி வகுப்பு என்று பெயர்தான், யாரும் யாரையும் திருத்தவில்லை. அதே விளக்கம் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்கும் வடிவில் கையில் கிடைத்தால் மாணவருக்கு லாபம்தான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. மருத்துவத்திலும் அதைச் சார்ந்த படிப்புகளிலும் இணையவழிக் கற்பித்தல் எப்படி வேலை செய்கிறது என்று 201 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் ஜாமா என்ற மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கொரோனாவுக்கு 12 ஆண்டுகள் முன்பு. எதுவுமே சொல்லித்தராமல் விடுவதோடு ஒப்பிட்டால் இணையவழிக்குப் பெரிய பலன் இருந்தது. வழக்கமான வகுப்போடு ஒப்பிட்டபோது வித்தியாசம் பெரும்பாலும் சிறியது, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறியது. பாடத்தை மண்டையில் ஏற்றுவது மட்டுமே வேலை என்றால் எந்த வழியில் ஏற்றினாலும் ஏறும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், லெக்சர்களையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடப் போவதாக 2016-ல் அறிவித்தது. முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள், வகுப்பில் குழுவாக உட்கார்ந்து கேஸைத் தீர்ப்போம் என்பது அவர்கள் வழி.

அதற்காக அரங்கின் பின்னால் ஒரு கேமராவை நிறுத்தி, 50 நிமிடத்தை அப்படியே பிடித்து ஏற்றிவிட்டால் அது வீடியோ பாடம் ஆகிவிடாது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்ட விவரங்களை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் 6 நிமிடத்துக்குள் விலகிவிட்டார்கள். ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு சிறு வீடியோ, அதன் முடிவில் இரண்டு மூன்று கேள்விகள் என்று வெட்டிக் கொடுப்பதுதான் உருப்படியான வழி.

அந்தக் கேள்விகளை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு திரும்பப் படித்தது, இன்னொரு குழு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோவின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நல்ல அனிமேஷன், தெளிவான குரல், எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் நெஃப்ரானை வரையச் சொன்னால் கை நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் வரை ரெக்கார்டிங்குகளைச் சேர்த்து வைத்துவிட்டு, கடைசியில் இரட்டை வேகத்தில் ஓட்டித் தள்ளும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவருக்கு "உன் விருப்பப்படி பார்" என்பது சுதந்திரம் மாதிரித் தெரிந்தாலும் பலருக்கு அது பாரம். வாரத்துக்கு ஒரு முறையாவது நேரில் கூடி, அந்த வாரத்து வீடியோக்களில் சிறு தேர்வு வைத்து, சந்தேகம் கேட்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் நான் ரெக்கார்டிங்கை மட்டும் நம்ப மாட்டேன்.

இருப்பதிலேயே மோசமான பேரம் எதுவென்று கேட்டால், வீடியோவில் நேரலையாக நடக்கும் லெக்சர்தான். ரெக்கார்டிங்கைப் போல நிறுத்தவும் முடியாது, அறையில் இருப்பதைப் போலப் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்கவும் முடியாது. கேமராக்கள் அணைந்த நூறு கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். வீடியோ கூட்டங்கள் ஏன் இவ்வளவு அசதி தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் காரணங்களை அடுக்கினார்: முகங்கள் மிக நெருக்கமாக முறைப்பது போன்ற தோற்றம், தன் முகத்தையே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. லெக்சர்தான் என்றால் ரெக்கார்ட் செய்து கொடுத்துவிடலாம், இல்லையென்றால் எல்லோரும் நேரில் கூடலாம். நடுவில் நிற்பதில் யாருக்கும் பயனில்லை.

கேஸ் பேசுவதற்குத் திரை போதும்

நேரலை வீடியோவுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது: சிறு குழுவாகக் கேஸ் பேசுவது. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் எக்கோ. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்குச் சிகிச்சை பெற நோயாளிகள் தொலைதூரத்திலிருந்து பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்து காத்திருக்க வேண்டிய நிலை. அதை மாற்ற, கிராமப்புற மருத்துவர்களும் சிறைச்சாலை மருத்துவர்களும் தொடர்ந்து வீடியோவில் நிபுணர்களோடு கூடி, தங்கள் நோயாளிகளின் கேஸ்களைச் சொல்லி, கேள்வி கேட்டு, திருத்தம் வாங்கிக்கொண்டார்கள். 407 நோயாளிகளின் சிகிச்சை முடிவுகள் 2011-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. பல்கலைக்கழக மருத்துவமனையில் வைரஸ் நீங்கியவர்கள் 57.5 சதவீதம், எக்கோவில் கற்ற மருத்துவர்களிடம் 58.2 சதவீதம். வீடியோ வழியாகக் கற்றதன் பலனைத் தேர்வு மதிப்பெண்ணில் பார்க்காமல் நோயாளியின் ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்தது இதன் சிறப்பு.

இதைக் காட்டி "பாருங்கள், வீடியோவே போதும்" என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த மருத்துவர்களுக்கு நோயாளியைப் பரிசோதிக்க ஏற்கெனவே தெரியும். அவர்கள் கற்றது முடிவெடுக்கும் முறையை: எந்த மருந்து, எந்த அளவு, எந்தப் பக்கவிளைவுக்கு நிறுத்துவது, எதற்குப் பொறுத்திருப்பது. பேச்சில் வெளிப்படும் தவறு பேச்சிலேயே திருத்தப்படும், அதற்குத் திரை தடையில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர் "கல்லீரல் வீங்கியிருக்கிறது" என்று கேஸ் சொன்னால், திரையில் இருக்கும் ஆசிரியர் அந்த வாக்கியத்தை நம்பித்தான் மேலே போக வேண்டும். அதுதான் எல்லை.

கண்ணால் பார்ப்பதில் வீடியோ சில சமயம் வார்டையே தோற்கடிக்கும். 1959-லேயே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பரிசோதனைகளை இருவழித் தொலைக்காட்சியில் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. நடையின் தள்ளாட்டம், கை நடுக்கம், கண்மணி ஒரு பக்கமாக இழுத்துத் துடிப்பது, இதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் கண்மணியின் துடிப்பு முன்னால் இருக்கும் இருவருக்குத்தான் தெரியும். நெருக்கமாக எடுத்த வீடியோவில் எல்லோருக்கும் தெரியும், மெதுவாக ஓட்டியும் பார்க்கலாம், நோயாளியையும் எட்டு முறை தொந்தரவு செய்ய வேண்டாம். அரிதாக வரும் நோய்களுக்கு இது பெரிய வரம். ஒரு மாணவரின் வார்டு நாட்களில் வந்து சேராத கேஸை வீடியோவில்தான் பார்க்க முடியும்.

காதும் கையும்

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலிகள் இந்த ஒப்பீட்டின் சுவாரசியமான பகுதி. இதயத்தின் அசாதாரண ஒலிகளை, அதாவது மர்மர்களை, காதுக்குப் பழக்குவது பெரும்பாலும் எண்ணிக்கை விவகாரம். மைக்கேல் பாரெட் குழுவினர் மருத்துவ மாணவர்களை ஒவ்வொரு மர்மரையும் 500 முறை கேட்க வைத்து, அடையாளம் காணும் திறன் நன்றாகக் கூடுவதைக் காட்டினார்கள். எந்த வார்டிலும் ஒரு நோயாளியின் நெஞ்சில் 500 முறை ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது. ஹெட்போனில் முடியும். ஆகவே காதைப் பழக்கும் வேலையை வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

ஆனால் வீடியோ அழைப்பின் நடுவே மர்மரை ஓட விட்டால் பாதி காணாமல் போகும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த மென்பொருள்கள் தொடர்ந்து வரும் மெல்லிய ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். மூன்றாம், நான்காம் இதய ஒலிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் லேப்டாப் ஸ்பீக்கரில் அநேகமாக வரவே வராது. கோப்பாக அனுப்பி, நல்ல ஹெட்போனில் கேட்கச் சொல்வதுதான் சரி. இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் "மாணவர்களுக்குக் காதே இல்லை" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

ஒலியை அடையாளம் காண்பது ஒன்று, உயிருள்ள ஒரு மனிதரின் நெஞ்சில் சரியான இடத்தில் வைத்து, ஆடையின் உரசலையும் மூச்சின் சத்தத்தையும் தாண்டி அதைப் பிடிப்பது இன்னொன்று. இரண்டாவதை ஹெட்போன் தராது.

இனி கை. வயிற்றில் கல்லீரலைத் தடவிப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். படிக்கும்போது நான்கு வரிதான்: அடிவயிற்றின் வலது பக்கத்தில் தொடங்கு, உள்ளங்கையைத் தட்டையாக வை, நோயாளியை மூச்சை இழுக்கச் சொல், மூச்சை விடும்போது கையைக் கொஞ்சம் மேலே நகர்த்து. வீடியோவில் அழகாகக் காட்டலாம். மாணவர் செய்யும்போது என்ன நடக்கிறது? நேராக விலா எலும்புக்குப் பக்கத்தில் கையை வைப்பார். கல்லீரல் மிகப் பெரிதாக வீங்கியிருந்தால் விரல்கள் ஏற்கெனவே அதன் மேல்தான் இருக்கும், ஓரம் கிடைக்காது, "ஒன்றுமில்லை சார்" என்பார். அல்லது விரல் நுனியால் குத்துவார், நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், அதன்பின் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அல்லது நோயாளி மூச்சை இழுக்கும்போது இவரும் கையை நகர்த்துவார். மூச்சிழுப்பில் கீழே இறங்கி வரும் ஓரம் நிலையாக இருக்கும் விரலில் வந்து இடிக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. இதெல்லாம் நடக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கவே மறந்திருப்பார். வலிக்கிறதா என்று சொல்வது அந்த முகம்தான்.

இவற்றில் கையின் இடத்தையும், முகத்தைப் பார்க்காததையும் கேமராவில் ஆசிரியர் கண்டுபிடித்துவிடலாம். அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அவர் தன் கையை மாணவரின் கை மேல் வைத்து, "இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம்" என்று காட்ட வேண்டும். நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதிலும் இதே கதை. மணிக்கட்டு அசையாமல் முழங்கையால் இடிப்பது திரையில் தெரியும். இடது நடுவிரலை நெஞ்சில் அழுத்தமாகப் பதித்திருக்கிறாரா, சும்மா வைத்திருக்கிறாரா என்பது தெரியாது. ஒலி மந்தமாக வருவதற்குக் காரணம் நுரையீரலைச் சுற்றி நீரா, விரலா என்பதே குழப்பமாகிவிடும்.

தையல் போடுவது, முடிச்சுப் போடுவது இதற்கு நேர்மாறு. எதிரில் நின்று காட்டும் ஆசிரியரின் கை மாணவருக்கு இடம் வலம் மாறித் தெரியும். தோளுக்கு மேலிருந்து எடுத்த வீடியோவில் தன் கையைப் பார்ப்பது போலவே தெரியும். மாணவரும் போனைத் தன் கைக்கு மேல் பொருத்தி, பயிற்சித் துணியில் போட்ட முடிச்சை அனுப்பினால், ஆசிரியர் ஓய்வான நேரத்தில் பார்த்து எந்த விநாடியில் நூல் தளர்ந்தது என்று சுட்டிக் காட்டலாம். முதல் ஐம்பது முடிச்சுகளுக்கு இதுவே நல்ல வழி. திசு கிழியாமல் எவ்வளவு இழுக்கலாம் என்பது மட்டும் பிறகு நேரில்தான் வரும். நாளத்தில் மருந்து ஏற்றும் சிறு குழாயான கேனுலாவைப் போடும்போது ஊசி நாளத்துக்குள் நுழையும் அந்தச் சின்ன 'விட்டுக்கொடுத்தலும்' அப்படித்தான்.

உடற்கூறு அறை பற்றி என் கருத்து கொஞ்சம் தளர்வானது. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் ஹோலோலென்ஸ் கண்ணாடி வழியாக முப்பரிமாணத்தில் உடற்கூறு சொல்லித் தருகிறது. தசை, நாளம், நரம்பின் அமைப்பை மனதில் வாங்க இது நன்றாகவே உதவும். ஆனால் புத்தகத்தில் இருப்பது போலவே எல்லா உடலும் இருக்காது என்பதை, தேடிய இடத்தில் தமனி இல்லாமல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கிடைக்கும்போதுதான் மாணவர் நம்புவார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு இது அவசியம், மற்றவர்களுக்கு எவ்வளவு அவசியம் என்பது வாதத்துக்கு உரியது.

வார்டு என்று சொன்னாலே போதாது

நேரடி வகுப்புக்காக வாதாடுகிறவர்கள் மனதில் இருக்கும் வார்டு வேறு, பல இடங்களில் நடக்கும் வார்டு வேறு. ஒரு கட்டில், சுற்றி இருபத்தைந்து பேர், கடைசி வரிசைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் கோட்டு. ஆசிரியர் பேசுகிறார், ஒருவர் தொடுகிறார், இருபத்து நான்கு பேர் எழுதிக்கொள்கிறார்கள். அதுவும் நின்றுகொண்டே கேட்கும் லெக்சர்தான். அதற்கு ஆறு பேர் கொண்ட வீடியோ குழுவில் கேஸ் பேசுவது எவ்வளவோ மேல்.

இதற்குத் தீர்வு வார்டை விட்டுவிடுவது அல்ல, குழுவைச் சிறிதாக்குவது. அதற்கு ஆசிரியர்களின் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தரக்கூடியது வீடியோதான். ஒரே லெக்சரை ஆண்டுதோறும் திரும்பச் சொல்லும் மணி நேரங்களை மிச்சப்படுத்தி வார்டில் போட்டால் இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். நடைமுறையில், லெக்சர் ரெக்கார்ட் ஆகிவிட்டதே என்று ஆசிரியர் இடங்களைக் குறைக்கவோ மாணவர் எண்ணிக்கையைக் கூட்டவோ நிர்வாகங்களுக்கு ஆசை வரும். வீடியோ மீது எனக்கிருக்கும் பெரிய பயம் தொழில்நுட்பம் பற்றியது அல்ல, இதுதான்.

ரெக்கார்ட் செய்தால் வேலை முடிந்தது என்பதும் கிடையாது. இதய இயக்க மீட்பு (சிபிஆர்) வழிகாட்டுதல்கள் 2010-ல் மாறியபோது மூச்சுப்பாதை, மூச்சு, நெஞ்சழுத்தம் என்றிருந்த வரிசை மாறி நெஞ்சழுத்தம் முதலில் வந்தது. அதற்கு முன் எடுத்த வீடியோவைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்த கல்லூரி, பழைய வரிசையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கும். நேரில் பாடம் எடுப்பவர் அன்றைக்கே மாற்றிக்கொள்வார். வீடியோவை யாராவது பொறுப்பேற்று ஆண்டுதோறும் பார்த்து, பழையதாகிப் போனதைக் கழிக்க வேண்டும்.

நோயாளியின் ரகசியம் இன்னொரு விஷயம். வார்டில் திரைச்சீலைக்குள் நடக்கும் பேச்சு, வீடியோ வகுப்பில் மாணவரின் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும். ஹெட்போன் கட்டாயம், ரெக்கார்ட் செய்ய நோயாளியின் தனிச் சம்மதம், பெயரும் முகமும் மறைப்பு, இவை இல்லாமல் கேஸ் வகுப்பைத் திரையில் தொடங்கவே கூடாது. இணைய வேகமும் கட்டணமும் மாணவருக்கு மாணவர் வேறுபடும் என்பதால் வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் வேண்டும்.

தேர்வு எதைக் கேட்கிறது?

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், உண்மையிலேயே செய்கிறார். முதல் இரண்டு படிக்கு வீடியோ தாராளமாகப் போதும். மூன்றாவதற்கு ஓரளவு போதும், நோயாளியிடம் விவரம் கேட்பதையும் முடிவை விளக்கிச் சொல்வதையும் திரையிலேயே சோதிக்கலாம். நான்காவதைப் பார்க்க யாராவது வார்டில் நிற்க வேண்டும். ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-ல் முன்வைத்த ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, மாணவரை நிலையம் நிலையமாக அனுப்பிச் செய்யச் சொல்லி மதிப்பிடுகிறது. அது மாதிரித் தேர்வு இல்லாமல் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டுமே வைக்கும் இடத்தில், எவ்வளவு நல்ல வார்டு இருந்தாலும் மாணவர் வீடியோ பக்கம்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், பணத்தைக் கட்டும் முன் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இணையவழியில் மருத்துவப் பயிற்சி என்று விளம்பரம் வந்தால், "நான் செய்வதை யார், எப்போது, எப்படிப் பார்த்துத் திருத்துவார்?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே தொழில் செய்கிற மருத்துவர் புதிய சிகிச்சை முறைகளைத் தெரிந்துகொள்ள வீடியோ தாராளம். முதல்முறை நோயாளியைத் தொடப் போகிறவருக்கு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத பயிற்சி வேண்டாம்.

கல்லூரிப் பக்கமும் இதே கணக்குதான். ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது, ஸ்டுடியோ கட்டலாமா, வார்டுக்கு இன்னொரு ஆசிரியரை எடுக்கலாமா என்று என்னைக் கேட்டால் ஆசிரியரைத்தான் சொல்வேன். லெக்சரை ஒரு போனிலும் சட்டையில் மாட்டும் மைக்கிலும் பதிந்துகொள்ளலாம், அதற்கு மேல் பளபளப்பு தேவையில்லை.